ரேம் போட்டதும் மெஷின் ஊர்கிறதா, விண்டோ இழுத்தால் கோடு விழுகிறதா: எம்டிஆர்ஆர் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் டிடிபி சென்டர், பிளக்ஸ் கடை, டைப்பிங் இன்ஸ்டிட்யூட் என்று எங்கே எட்டிப் பார்த்தாலும் ஒரு மூலையில் கோர் 2 டூயோ காலத்துப் பெட்டி ஒன்று இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை பல. விண்டோஸ் இழுக்காது என்று லினக்ஸ் போட்டுவிடுகிறோம். அதன்பிறகு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஸ்கிரீன் இழுக்குதுண்ணா."

உடனே யாராவது ஒருவர் இணையத்தில் தேடி, எம்டிஆர்ஆர் (எந்த மெமரி முகவரியை எப்படி நடத்துவது என்று ப்ராசசருக்குள் குறித்துவைக்கும் பட்டியல்) என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து, நாலு கட்டளையைக் காப்பியடித்து ஒட்டிவிடுகிறார். பாதி நேரம் ஒன்றும் ஆகாது. மீதி நேரம் மெஷின் அப்படியே உறைந்துபோகும். நான் சொல்ல வருவது இதுதான்: இன்றைய லினக்ஸில் திரை வேகத்துக்காக எம்டிஆர்ஆரைக் கையால் தொடவேண்டிய தேவை அநேகமாக இல்லை. அது உண்மையில் கோளாறு செய்யும் இடம் திரை அல்ல, ரேம். எது எது என்று அறிகுறி வாரியாகப் பார்ப்போம்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம்

ப்ராசசர் எல்லா மெமரி முகவரியையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. ரேம் இருக்கும் இடத்தை ரைட்-பேக் என்ற முறையில் கேஷ் செய்யும்: எழுதியதைத் தன் கேஷிலேயே, அதாவது ப்ராசசருக்குள் இருக்கும் சிறிய அதிவேக மெமரியிலேயே, வைத்திருந்து, தேவைப்படும்போதுதான் ரேமுக்கு அனுப்பும். நெட்வொர்க் கார்டு, சவுண்ட் கார்டு போன்றவற்றின் கட்டுப்பாட்டு முகவரிகளை அன்கேஷபிள் என்று வைத்திருக்கும். அங்கே கேஷ் என்ற பேச்சே கிடையாது, ஒவ்வொரு எழுத்தும் அப்போதைக்கப்போதே போய்ச் சேரவேண்டும்.

கிராபிக்ஸ் கார்டின் பிரேம் பஃபர், அதாவது திரையில் தெரியும் படம் இருக்கும் மெமரி, இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கேஷில் தங்கிவிட்டால் திரையில் படம் தாமதமாக வரும், துண்டு துண்டாக வரும். ஒவ்வொன்றாகவே அனுப்பினால் கார்டுக்குப் போகும் வழி (பஸ்) அடைத்துக்கொள்ளும். அதற்காக வந்ததுதான் ரைட்-கம்பைனிங். தோப்பில் பறித்த பெங்களூரா மாங்காயை ஒவ்வொன்றாகக் கூழ் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகாமல், கிரேடு நிறைந்ததும் டெம்போவில் ஏற்றி ஒரே நடையாக விடுவதுபோல, ப்ராசசர் 64 பைட் நிறையும்வரை சேர்த்துவைத்து ஒரே மூச்சில் அனுப்பும். படத்தைத் திரைக்கு எழுதும் வேலை இதனால் இரண்டரை மடங்கோ அதற்கு மேலோ வேகமாகலாம் என்று லினக்ஸின் மையமான கெர்னலின் சொந்த ஆவணமே சொல்கிறது.

எந்த முகவரிக்கு எந்த முறை என்பதைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்டர்கள்தான் எம்டிஆர்ஆர். இன்டெல் 1995-ல் பென்டியம் ப்ரோவோடு கொண்டுவந்தது. பெரும்பாலான பழைய ப்ராசசரில் இதில் 8 இடம்தான் உண்டு, பிறகு வந்த பலவற்றில் 10. இந்த எண்ணிக்கைப் பஞ்சம்தான் பின்னால் வரும் பாதித் தொல்லைக்குக் காரணம். அதனால் பென்டியம் 3 காலத்திலேயே பிஏடி என்று இன்னொரு வழி வந்துவிட்டது. அது முகவரியைப் பெரிய துண்டாகப் பார்க்காமல், பக்கம் பக்கமாக, அதாவது 4 கேபி அளவில், முறையைக் குறிக்கும். எண்ணிக்கை வரம்பு கிடையாது. லினக்ஸ் இதை 2008-ல் வந்த 2.6.26 பதிப்பிலிருந்து பயன்படுத்துகிறது.

அறிகுறி: விண்டோவை நகர்த்தினால் தடம் விழுகிறது, ஸ்க்ரோல் செய்தால் திரை கிழிகிறது

எம்டிஆர்ஆரை மறந்துவிடுங்கள். முதலில் டிரைவர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டெர்மினலில் 'ஜிஎல்எக்ஸ்இன்போ' கட்டளையை, கோடு போட்டுப் பெரிய 'பி' (ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து) சேர்த்துக் கொடுங்கள். ரெண்டரர் என்ற வரியில் 'எல்எல்விஎம்பைப்' என்று வந்தால் கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது, படம் வரையும் வேலை முழுவதையும் ப்ராசசரே தலையில் சுமக்கிறது என்று பொருள். கேஷ் முறையை எப்படி மாற்றினாலும் அது தீராது.

இதற்குக் காரணம் முக்கால்வாசி நேரம் 'நோமோட்செட்' என்ற ஒரே சொல். இன்ஸ்டால் செய்யும்போது திரை கறுப்பாக வந்தது என்று அதைச் சேர்த்திருப்பார்கள், பிறகு எடுக்க மறந்திருப்பார்கள். '/ப்ராக்/சிஎம்டிலைன்' கோப்பை 'கேட்' கட்டளையால் திறந்து பாருங்கள். அங்கே அந்தச் சொல் இருந்தால் க்ரப் (லினக்ஸைத் துவக்கிவைக்கும் நிரல்) அமைப்புக் கோப்பிலிருந்து நீக்கி, 'அப்டேட்-க்ரப்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பத்திரிகை டிசைன் போடுபவர்கள் "லினக்ஸ்னாலே ஸ்லோ" என்று சொல்லித் திரிவதில் பெரும்பங்கு இந்தச் சொல்லுக்கு உண்டு.

அதே கோப்பில் 'நோபேட்' என்ற சொல் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அது பிஏடியையே அணைக்கும் சொல். பழைய கிராபிக்ஸ் டிரைவர்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகளிலிருந்து இன்னும் காப்பியாகிக்கொண்டிருக்கிறது.

அறிகுறி: '/ப்ராக்/எம்டிஆர்ஆர்' கோப்பில் ரைட்-கம்பைனிங் என்ற வரியே இல்லை

இது அறிகுறியே அல்ல. பலர் இதைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள்.

கெர்னல் செய்தியைப் பாருங்கள். கட்டளை டி, எம், இ, எஸ், ஜி என்று ஐந்தே எழுத்து. அதில் 'பிஏடி' என்று தேடினால் 'கான்பிகரேஷன் 0-7' என்று ஒரு வரி வரும். அதில் முதலாவது டபிள்யூபி, இரண்டாவது டபிள்யூசி என்று இருந்தால் பிஏடி வேலை செய்கிறது. டபிள்யூசி என்றால் ரைட்-கம்பைனிங். டிரைவர் தனக்கு வேண்டிய பிரேம் பஃபரை அந்த இரண்டாவது முறையில் கேட்டு வாங்கிக்கொள்ளும். எம்டிஆர்ஆர் அந்த இடத்தை அன்கேஷபிள் என்று சொன்னாலும் சரி, ரைட்-பேக் என்று சொன்னாலும் சரி, பிஏடி டபிள்யூசி என்று சொன்னால் முடிவு டபிள்யூசிதான். ப்ராசசரின் விதியே அப்படி.

சந்தேகம் தீரவில்லையா? ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள கணக்கில்) இருந்துகொண்டு '/சிஸ்/கெர்னல்/டிபக்/எக்ஸ்86/பேட்_மெம்டைப்_லிஸ்ட்' கோப்பைத் திறந்து பாருங்கள். எந்த முகவரி எந்த முறையில் இருக்கிறது என்று பட்டியல் வரும். கிராபிக்ஸ் கார்டின் முகவரிக்கு எதிரே 'ரைட்-கம்பைனிங்' என்று இருந்தால் வேலை முடிந்தது, பேசாமல் டீ குடிக்கப் போகலாம்.

அறிகுறி: ரேம் கூட்டிய பிறகு மெஷின் முன்பைவிட மோசம்

இதைத்தான் நின்று நிதானமாகப் பார்க்கவேண்டும். கடைக்கு வந்து, "ண்ணா, ரெண்டு ஜிபி இருந்தப்போ நல்லாத்தான் ஓடுச்சு, நாலு போட்டதும் மாட்டு வண்டியாயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால், ரேம் போலி என்றுதான் எல்லாரும் முதலில் நினைப்பார்கள். ரேம் நன்றாகவே இருக்கும். வேறு கடையில் மாற்றி வாங்கிப் போட்டாலும் அதே கதை.

நடப்பது இது. 4 ஜிபி ரேம் போட்டால், 3 ஜிபிக்கும் 4 ஜிபிக்கும் நடுவில் உள்ள முகவரிகளை கிராபிக்ஸ் கார்டு முதலிய பிசிஐ சாதனங்கள் எடுத்துக்கொள்ளும். அங்கே இடமில்லாத ரேமை பயாஸ் (மெஷினை முதலில் எழுப்பும் போர்டின் மென்பொருள்) தூக்கி 4 ஜிபிக்கு மேலே வைக்கும். இதற்கு மெமரி ரீமேப் என்று பெயர். வைத்தால் மட்டும் போதாது, அந்தப் புது இடமும் ரைட்-பேக் என்று எம்டிஆர்ஆரில் எழுதவேண்டும். சில பயாஸ்கள் இதை மறந்துவிடும், அல்லது அரைகுறையாக எழுதும். எழுதாத இடம் இயல்பாகவே அன்கேஷபிள். அங்கே போய் உட்கார்ந்த எந்த ப்ரோகிராமுக்கும் கேஷே கிடையாது, ஒவ்வொரு சொல்லுக்கும் ரேம்வரை நடை.

'/ப்ராக்/எம்டிஆர்ஆர்' இப்படிக் காட்டுகிறது என்று வையுங்கள்:

ரெக்00: பேஸ் 0 எம்பி, சைஸ் 2048 எம்பி, ரைட்-பேக்
ரெக்01: பேஸ் 2048 எம்பி, சைஸ் 1024 எம்பி, ரைட்-பேக்
ரெக்02: பேஸ் 4096 எம்பி, சைஸ் 512 எம்பி, ரைட்-பேக்

கூட்டிப் பாருங்கள். 2048, 1024, 512. மொத்தம் 3584. போட்டது 4096. மேலே தூக்கி வைத்த 1024 எம்பியில் பாதிக்குத்தான் குறிப்பு இருக்கிறது, மீதி 512 அநாதையாக நிற்கிறது. பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் இதை யாரும் செய்து பார்ப்பதில்லை.

லினக்ஸ் கெர்னல் இதைக் கவனித்துவிடும். கெர்னல் செய்தியில் 'பயாஸ் பக்' என்று தொடங்கி, சிபியு எம்டிஆர்ஆர் எல்லா மெமரியையும் மூடவில்லை, 512 எம்பி ரேம் இழக்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கும். அந்த ஓட்டை ரேமைக் கெர்னல் தொடாமலேயே ஒதுக்கிவிடும். அதனால் ஒரே போர்டில் விண்டோஸ் போட்டால் ஊரும்; லினக்ஸ் போட்டால் வேகமாக ஓடும், ஆனால் 'ஃப்ரீ' கட்டளையில் ரேம் குறைவாகத் தெரியும். இரண்டும் ஒரே நோய்தான். லினக்ஸிலும் ஊர்ந்தால், யாரோ 'டிசேபிள்_எம்டிஆர்ஆர்_ட்ரிம்' என்ற சொல்லை க்ரப்பில் சேர்த்து, காணாமல்போன ரேமை மீட்டுவிட்டதாக நினைத்திருக்கிறாரா என்று பாருங்கள். ரேம் திரும்ப வரும், வேகம் போய்விடும். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

தீர்வை இந்த வரிசையில் முயலுங்கள். பயாஸுக்குள் போய் 'மெமரி ரீமேப்' என்ற அமைப்பையும், 'எம்டிஆர்ஆர் மேப்பிங்' என்ற அமைப்பு இருந்தால் அதையும் பாருங்கள். இரண்டாவதில் டிஸ்கிரீட், கன்டினியுவஸ் என்று இரண்டு வாய்ப்பு இருக்கும், டிஸ்கிரீட் வையுங்கள். சரியாகவில்லை என்றால், போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் புதிய பயாஸ் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். யுபிஎஸ் இல்லாமல் மட்டும் இந்த வேலையில் இறங்காதீர்கள். பாதி ஏறும்போது கரண்ட் போனால் போர்டு செங்கல்தான். பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் நம்மூரில் பயாஸ் ஏற்றுவது வம்பை விலைக்கு வாங்குவது.

அதுவும் முடியாவிட்டால் க்ரப்பில் 'எனேபிள்_எம்டிஆர்ஆர்_க்ளீனப்' என்ற சொல்லைச் சேருங்கள். பயாஸ் எழுதிய பட்டியலைக் கெர்னல் தானே திருத்தி எழுதப் பார்க்கும். ஆனால் பயாஸ் அடியோடு மறந்துவிட்ட இடத்தை அது கண்டுபிடித்துத் தராது. பட்டியல் சிக்கலாக இருந்தால் சீராக்கும், அவ்வளவே. கடைசி வழி, அந்தக் கூடுதல் ரேமைக் கழற்றி வேறு பெட்டிக்குக் கொடுப்பது. பதினைந்து வருஷப் போர்டோடு மல்லுக்கட்டுவதைவிட அது பல நேரம் லாபம்.

அறிகுறி: கரண்ட் போய் வந்ததும் மெதுவாகிறது, தேதியும் பின்னால் போகிறது

பயாஸ் அமைப்புகளையும் தேதியையும் காக்கும் சிமாஸ் செல் தீர்ந்துவிட்டது. போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032. மெயின் ஸ்விட்சை அணைத்தாலே பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ரீமேப் அணைந்து ரேம் 3 ஜிபி சொச்சமாகக் குறையும். சில போர்டுகளில் 'வீடியோ மெமரி கேஷ் மோட்' என்ற அமைப்பு யுஎஸ்டபிள்யூசியிலிருந்து யுசிக்குப் போகும். யுஎஸ்டபிள்யூசி என்பது ரைட்-கம்பைனிங்கின் இன்னொரு பெயர், யுசி என்றால் அன்கேஷபிள். செல்லை மாற்றி, அமைப்புகளைச் சரிசெய்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் எடுக்கும் நாளுக்கு மறுநாள் கடைக்கு வரும் புகார்களில் இது அடிக்கடி வரும்.

அறிகுறி: கையால் ரைட்-கம்பைனிங் எழுதினால் ஏற்கமாட்டேன் என்கிறது

உண்மையிலேயே கையால் எழுதவேண்டிய இடம் ஒன்றிரண்டு உண்டு. டிரைவரே இல்லாத கார்டை வெசா என்ற பொதுவான அடிப்படை முறையில் ஓட்டுகிறீர்கள், அல்லது கெர்னல் பிஏடி வருவதற்கு முந்தையது. அப்படிப்பட்ட இடத்தில்தான் இந்தப் பகுதி உதவும்.

முகவரியை 'எல்எஸ்பிசிஐ' கட்டளையில் கோடு, 'வி' சேர்த்து எடுங்கள். விஜிஏ பகுதியின் கீழே 'மெமரி அட்' என்று இரண்டு மூன்று வரி இருக்கும். 'ப்ரீஃபெட்ச்சபிள்' என்று எழுதியிருக்கும் பெரிய துண்டுதான் பிரேம் பஃபர். 'நான்-ப்ரீஃபெட்ச்சபிள்' என்று இருக்கும் துண்டு பெரும்பாலும் கார்டின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்கள். அங்கே ரைட்-கம்பைனிங் போட்டால் கட்டளைகள் சேர்ந்துகொள்ளும், வரிசை மாறிப் போகும், கார்டு குழம்பி மெஷின் தொங்கிவிடும்.

அந்தப் பெரிய துண்டு 3584 எம்பியில் தொடங்கி 256 எம்பி நீளம் என்று வைத்துக்கொள்வோம். பைட்டில் சொன்னால் 3758096384, 268435456. முகவரியைப் பதினாறடிமான எண்ணில்தான் தரவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், சாதாரணப் பதின்ம எண்ணையும் கெர்னல் ஏற்கும். எழுதும் வரி இது:

பேஸ்=3758096384 சைஸ்=268435456 டைப்=ரைட்-கம்பைனிங்

இதை 'எக்கோ' கட்டளையால், அம்புக்குறி (>) போட்டு, '/ப்ராக்/எம்டிஆர்ஆர்' கோப்புக்குள் அனுப்பவேண்டும். முன்னால் 'சூடோ' போட்டும் 'பெர்மிஷன் டினைட்' வருகிறதா? அம்புக்குறியைக் கையாள்வது உங்கள் ஷெல் (டெர்மினலில் கட்டளையை வாங்கும் நிரல்), சூடோ அல்ல. 'சூடோ', கோடு, 'ஐ' கொடுத்து ரூட் ஷெல்லுக்குள் போய், பிறகு தட்டுங்கள்.

'இன்வாலிட் ஆர்க்யுமென்ட்' என்று வந்தால் அளவைப் பாருங்கள். எம்டிஆர்ஆரில் ஒரு துண்டின் நீளம் இரண்டின் அடுக்காக இருக்கவேண்டும்: 64, 128, 256, 512 இப்படி. தொடக்க முகவரி அந்த நீளத்தால் மீதமின்றி வகுபடவேண்டும். 3584-ஐ 256-ஆல் வகுத்தால் 14, சரி. கார்டில் 224 எம்பிதான் இருக்கிறது என்று அந்த எண்ணைக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாது. எல்எஸ்பிசிஐ காட்டும் துண்டின் முழு அளவை அப்படியே கொடுங்கள். பிசிஐ துண்டுகள் எப்போதும் இந்த விதிக்கு உட்பட்டே அமைந்திருக்கும்.

'டைப் மிஸ்மேட்ச், ஓல்ட் ரைட்-பேக், நியூ ரைட்-கம்பைனிங்' என்று கெர்னல் செய்தியில் வந்தால், பயாஸ் கன்டினியுவஸ் முறையில் எழுதியிருக்கிறது. அதாவது 0 முதல் 4096 வரை ஒரே வீச்சில் ரைட்-பேக் போட்டு, அதன்மேல் 3072 முதல் 1024 எம்பிக்கு அன்கேஷபிள் என்று துளை போட்டிருக்கும். நீங்கள் எழுத நினைக்கும் இடம் ஏற்கெனவே அந்தப் பெரிய ரைட்-பேக்குக்குள் இருப்பதால் கெர்னல் மறுக்கிறது. அப்படியே ஏற்றுக்கொண்டாலும் பயனில்லை, ஒன்றின்மேல் ஒன்று விழும்போது அன்கேஷபிள்தான் ஜெயிக்கும்.

இந்த இடத்தில்தான் இணையக் குறிப்புகள் ஆளைக் கவிழ்க்கின்றன. "பழைய வரிகளை நீக்கிவிட்டுப் புதிதாக எழுது" என்று சொல்லும். 'டிசேபிள்=0' என்று அனுப்பினீர்கள் என்றால் முதல் வரி போய்விடும், அதோடு ரேம் முழுவதும் அன்கேஷபிள் ஆகிவிடும். அடுத்த கட்டளையைத் தட்டினால் எழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் ஊர்ந்து வரும், சில நேரம் வரவே வராது. பவர் பட்டனைப் பிடித்து அணைப்பதுதான் வழி. எம்டிஆர்ஆரில் செய்த எந்த மாற்றமும் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு நிற்காது என்பதால் நிரந்தரச் சேதம் இல்லை. வரியை நீக்கவேண்டியிருந்தால் நீங்கள் சேர்த்த ரைட்-கம்பைனிங் வரியை மட்டும் அதன் எண்ணைக் கொடுத்து நீக்குங்கள். ரைட்-பேக் என்று இருக்கும் எதையும் தொடாதீர்கள்.

அறிகுறி: 'நோ மோர் எம்டிஆர்ஆர்ஸ் அவெய்லபிள்'

எட்டு இடமும் நிரம்பிவிட்டது. மேலே சொன்ன 'எனேபிள்_எம்டிஆர்ஆர்_க்ளீனப்' சொல்லோடு 'எம்டிஆர்ஆர்_ஸ்பேர்_ரெக்_என்ஆர்=1' என்பதையும் சேர்த்தால் ஒரு இடத்தைக் காலியாக வைக்கக் கெர்னல் முயலும். முடியாவிட்டால் கெர்னல் செய்தியில் கிரான் சைஸ், சங்க் சைஸ் என்று நீண்ட பட்டியல் ஒன்றைக் கொட்டும். அதில் 'பேட்' (மோசம் என்ற பொருளில்) என்று நட்சத்திரக் குறியோடு தொடங்கும் வரிகளை விட்டுவிடுங்கள். 'லூஸ் கவர் ரேம்' என்ற இடத்தில் 0 இருக்கும் வரிகளில், ரெஜிஸ்டர் எண்ணிக்கை குறைவாக உள்ளதைத் தேர்ந்து, அந்த இரண்டு அளவையும் 'எம்டிஆர்ஆர்_கிரான்_சைஸ்', 'எம்டிஆர்ஆர்_சங்க்_சைஸ்' என்று க்ரப்பில் கொடுங்கள். நிரந்தரமாக்கும் முன், துவக்கத் திரையில் 'இ' அழுத்தி ஒருமுறை மட்டும் சோதித்துப் பாருங்கள்.

அறிகுறி: ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் மெதுவாகிறது

கெர்னல் செய்தியில் 'இன்கன்சிஸ்டன்ட் வேரியபிள் எம்டிஆர்ஆர் செட்டிங்ஸ்' என்று தேடுங்கள். கோர்களுக்கு வெவ்வேறு பட்டியலை பயாஸ் எழுதிவைத்தால் கெர்னல் இப்படிச் சொல்லி, தானே திருத்தவும் செய்யும். திருத்தியதாகச் செய்தி இருந்தும் மெதுவாகவே இருந்தால் பயாஸ் அப்டேட் பாருங்கள், இல்லையேல் ஸ்லீப்பை அணைத்து ஷட்டவுன் மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

அறிகுறி: எல்லாம் வேகம், ஸ்கிரீன்ஷாட்டும் ரெக்கார்டிங்கும் மட்டும் ஆமை

ரைட்-கம்பைனிங் எழுதுவதைத்தான் வேகமாக்கும். அந்த இடத்திலிருந்து படிப்பது கேஷ் இல்லாமல்தான் நடக்கும். வெசா முறையில் ஓடும் பெட்டியில் திரையைப் பதிவுசெய்யும் மென்பொருள் பிரேம் பஃபரிலிருந்தே ஒவ்வொரு பிக்சலாகத் திரும்பப் படித்தால் இழுக்கத்தான் செய்யும். லினக்ஸில் திரையை நடத்தும் எக்ஸ் சர்வரின் அமைப்பில் 'ஷேடோஎஃப்பி' இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திரையின் நகல் ஒன்று சாதாரண ரேமில் இருக்கும், படிப்பது அங்கிருந்து நடக்கும். டியூஷன் வகுப்பைப் பதிவுசெய்யும் பெட்டி என்றால், முறையான டிரைவர் உள்ள பழைய கார்டு ஒன்றை எஸ்.பி. ரோட்டில் தேடிப் போடுவது இந்த அமைப்புகளோடு போராடுவதைவிட மலிவு.